திரும்பாத பிள்ளைக்கு நாலு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தை திரும்பவில்லை. கடைசிவரை தலை மேலே, பின்பக்கம் கீழே என்று உட்கார்ந்த வாக்கிலேயே இருந்து, சிசேரியனில்தான் வந்தாள். அப்புறம் எதற்கு மதிப்புரை என்றால், இந்தப் பத்து மாதத்தில் நான் காசு கொடுத்த இடங்களில் கொடுத்ததற்கு வருத்தப்படாத இடம் இது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். கடைசி மாதத்தில் குழந்தையின் தலை கீழே இறங்காமல் மேலேயே இருந்தால், வயிற்றுக்கு வெளியே இருந்து கையாலேயே மெல்லப் புரட்டித் தலையைக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் இதை இ.சி.வி. என்கிறார்கள். நான் செய்துகொண்டது திருச்சி தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் போடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எனக்கு வம்பு வேண்டாம்.

நான் லால்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருஷமாக ஜாக்கெட்தான் சோறு போடுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னபோதும் போகாமல் கல்யாண ஆர்டர்களை முடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எடுத்த ஸ்கேனிலேயே ‘ப்ரீச்’, அதாவது தலை மேலே, பின்பக்கம் கீழே என்று போட்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லையாம். 28 வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தையாவது அப்படித்தான் இருக்கும், இடம் இருக்கும்வரை நீந்திக்கொண்டே இருக்கும், தானாகத் திரும்பிவிடும். நாள் நெருங்கும்போது 100-க்கு மூன்று நாலு பிள்ளைகள்தான் திரும்பாமல் நிற்கும்.

அந்த மூன்று நாலில் என்னுடையது ஒன்று. 36 வாரம் ஒரு நாளில் எடுத்த ஸ்கேனில் மறுபடி அதே வார்த்தை.

அதுவரை நான் பார்த்துவந்த டாக்டர், அந்த ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கால் பக்கமா இருக்கு. சிசேரியன்தான். வீட்டுல நல்ல நாள் பார்த்துட்டு வந்து சொல்லுங்க." அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் சொன்ன முடிவு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, கடைசியில் அதுதானே நடந்தது. ஆனால் என் வயிற்றின் மேல் அவர் கை படவே இல்லை. எங்கள் தொழிலில் அளவு ஜாக்கெட்டை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ஆளைப் பார்த்ததுமே கத்தரி வைக்கிறவர்கள் உண்டு. சில நேரம் சரியாகவும் வந்துவிடும். ஆனால் அந்தக் கடைக்கு நான் போகமாட்டேன்.

வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. அம்மா, முட்டி போட்டுத் தரையைத் துடைக்கச் சொன்னார். மாமியார், இத்தனை நாள் மெஷினில் குனிந்து உட்கார்ந்ததால்தான் பிள்ளைக்குத் திரும்ப இடமில்லாமல் போனது என்றார். நாலு பேர் கேட்கும்படி சொன்னதால், ஒரு வாரம் மெஷின் பக்கமே போகாமல் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி, விளக்கெண்ணெய் போட்டு உருவித் தலையைத் திருப்பிவிடுவார் என்று ஆள் அனுப்பினார்கள். அவர் காலத்தில் அவர் எத்தனையோ பிரசவம் பார்த்தவர், மரியாதை உண்டு. ஆனால் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, நீர் எவ்வளவு இருக்கிறது, துடிப்பு எப்படி இருக்கிறது என்று எதுவும் தெரியாமல் உருவுவது ஆபத்து. தயவுசெய்து வீட்டில் யாரையும் இதற்கு விடாதீர்கள்.

இதற்கு நடுவே மாமியாரின் சித்தப்பா கதை வேறு. அவர் கால் முந்திப் பிறந்தவராம். இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு என்று வருகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் காலால் மூன்று முறை நீவிவிடுவாராம். கும்பலாக வருவார்களாம், வெற்றிலை பாக்குதான் கூலியாம். "அப்படிப் பொறந்தா கைராசி மாதிரி கால்ராசி" என்று சொல்லும்போது மாமியார் முகத்தில் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரியும் தெரிந்தது, ஒரு வியாபாரத்துக்கு அடிபோடுகிற மாதிரியும் தெரிந்தது.

இடையில் நான் வாங்கிய பொருட்களுக்கு இங்கேயே ஒரு வரி. உட்கார்ந்து ஆடுகிற பெரிய ரப்பர் பந்து, 950 ரூபாய்: இடுப்பு வலிக்கு இதமாக இருந்தது, பிள்ளை அசையவில்லை. இப்போது வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துதான் கிரிக்கெட் பார்க்கிறார். கர்ப்பிணித் தலையணை, 1,600: நானே தைத்திருக்கலாம், 500-க்கு மேல் ஆகியிருக்காது, தையலும் கோணல். முட்டி போட்டு, மார்பைத் தரையோடு வைத்துப் படுக்கிற பயிற்சி: காசில்லை. பின்னால் டாக்டரிடம் கேட்டபோது, "பலன் இருக்குன்னு ஆராய்ச்சியில நிரூபிக்க முடியல, செஞ்சதால கெடுதலும் இல்ல" என்றார். எனக்கு நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

வெளியிலிருந்து திருப்புகிற முறை ஒன்று இருக்கிறது என்று சொன்னவள் என் நாத்தனார். பாண்டிச்சேரியில் நர்ஸாக இருக்கிறாள். "அண்ணி, திருப்பிப் பார்க்கட்டுமான்னு உங்களை யாரும் கேட்கவே இல்லையா?" என்றாள் போனில். யாரும் கேட்கவில்லை. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். அதோடு ஒன்று கூடினால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அன்று எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

தில்லைநகரில் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவள்தான். முதல் நாள் ஓ.பி. கட்டணம் 400. காத்திருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். கர்ப்பிணிகளை உட்காரவைக்கிற இடத்தில் ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த ஓட்டை போட்ட ஸ்டீல் நாற்காலியையே போடுகிறார்கள்? என் எதிரே கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை. அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே மனப்பாடம் ஆகிவிட்டது.

உள்ளே போனதும் நடந்ததற்குத்தான் என் நட்சத்திரங்களில் பாதி.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கினார், படிக்காமல் மேஜையில் கவிழ்த்து வைத்தார். "அது அப்புறம். முதல்ல நான் பார்க்கிறேன்." கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு வயிற்றின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு பக்கவாட்டில். பிறகு அடிவயிற்றில் ஒரு கையால். பிறகு என் கால் பக்கம் பார்த்துத் திரும்பி நின்று இரண்டு கையால். நாலே பிடி. லியோபோல்ட் என்ற ஜெர்மன் டாக்டர் பெயரில் அந்த நாலு பிடிக்குப் பாடமே இருக்கிறதாம். எனக்கு அது ஆளைச் சுற்றிவந்து டேப் பிடிக்கிற மாதிரி இருந்தது. மார்பு, இடுப்பு, தோள், கை.

"இங்க கையைக் கொண்டாங்க" என்று என் கையைப் பிடித்து வலது விலா எலும்புக்குக் கீழே வைத்தார். நாலு வாரமாகத் துணி வெட்டக் குனியும்போதெல்லாம் இடிக்கிற கட்டி அது. "இது என்னன்னு நினைச்சீங்க?" பின்பக்கம் என்று நினைத்தேன் என்றேன். "தலை. லேசாத் தட்டிப் பாருங்க." விரலால் தட்டினேன். கெட்டியாக, உருண்டையாக, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து என் விரலைத் தொட்டது. கழுத்து இருப்பதால் தலை தனியாக ஆடுமாம். பின்பக்கமாக இருந்தால் மெத்தென்று இருக்கும், தள்ளினால் உடம்பும் சேர்ந்து வரும். என் பிள்ளையின் தலையை நான் முதலில் தொட்டது பிறந்த அன்று இல்லை, அந்த மேஜையில்தான். அதற்கு 400 ரூபாய் அதிகமே இல்லை.

இன்னொரு புதிரும் அங்கேதான் அவிழ்ந்தது. எனக்கு உதையெல்லாம் மேல்வயிற்றில்தான் விழும். உதை மேலே என்றால் தலை கீழேதான் இருக்கும் என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தார். என் பிள்ளை இருந்தது வேறு தினுசு. பின்பக்கம் கீழே, கால் இரண்டும் முட்டி மடங்காமல் நேராக மேலே, பாதம் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். தன் முகத்துக்கு முன்னாலேயே உதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சம்மணம் போட்ட மாதிரி இருப்பதும் உண்டு, ஒரு பாதம் முதலில் தொங்குவதும் உண்டு. இந்த நேர்கால்தான் அதிகம். ஆனால் அந்த இரண்டு காலும் முதுகுக்குப் பட்டை கட்டிய மாதிரி நிற்பதால் குட்டிக்கரணம் போடச் சிரமம். லைனிங்குக்குள் கேன்வாஸ் வைத்துத் தைத்த காலர் எங்கே மடங்கும்?

மெஷின் விஷயத்தை நானே கேட்டேன். "பல பேருக்குக் காரணமே தெரியாது. நஞ்சு இருக்கிற இடம், நீரோட அளவு, கர்ப்பப்பையோட வடிவம்னு சிலருக்குச் சொல்லலாம். தையல் மெஷினை நான் எந்தப் புத்தகத்திலும் படிச்சதில்ல" என்றார். அதை மாமியார் முன்னால் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

அப்புறம் கணக்கு. முதல் பிரசவம் என்றால் பத்தில் நாலு பேருக்குத்தான் திரும்பும், ஏற்கெனவே பெற்றவர்களுக்குப் பத்தில் ஆறு. திருப்பிய பிறகு பழைய இடத்துக்கே போய்விடுகிற பிள்ளைகள் கொஞ்சம் உண்டு. இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் செய்யவேண்டி வரலாம், அதனால் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான் செய்யவேண்டும். நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், இரட்டைப் பிள்ளை என்றால் தொடமாட்டார்கள். எனக்கு நஞ்சு முன்பக்கச் சுவரில், அதுவும் முதல் பிரசவம், அதுவும் நேர்கால். "உங்களுக்கு நாலுகூட இல்ல, மூணுன்னு வச்சுக்குங்க" என்றார். விற்பனைக்கு உட்கார்ந்திருக்கிறவர் இப்படிச் சொல்லமாட்டார். அதனால்தான் சரி என்றேன்.

இப்படியே சுகப்பிரசவம் ஆகாதா என்றும் கேட்டேன். ஆகும், முன்பெல்லாம் நடந்தது, இன்றும் கைதேர்ந்தவர்கள் சில இடங்களில் பார்க்கிறார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டில் 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு வந்தது. திட்டமிட்ட சிசேரியனில் 100-க்கு 1.6 பிள்ளைகளுக்கு உயிரிழப்போ கடும் பாதிப்போ ஏற்பட்டது, சுகப்பிரசவம் என்று முடிவெடுத்த பக்கம் 5 என்றார்கள். அதன்பின் ஊர் ஊராகச் சிசேரியனுக்கு மாறிவிட்டார்கள். அந்த ஆய்வில் கோளாறு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இந்த விவரமெல்லாம் நாத்தனார் பிறகு சொன்னது. டாக்டரம்மா சொன்னது ஒரே வரிதான்: "எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கு அந்தக் கை இருந்துச்சு. எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, உங்க மேல பழகமாட்டேன்."

செய்துகொண்டது 37 வாரம் முடிந்த பிறகு. சில இடங்களில் முதல் பிரசவத்துக்கு 36-லேயே செய்வார்களாம். அவசரமாக எடுக்கவேண்டி வந்தாலும் பிள்ளை முதிர்ந்திருக்கட்டும் என்று இவர் 37-க்குக் காத்திருந்தார். காலையில் வெறும் வயிறு. கையில் வென்ஃப்ளான், மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய். அரை மணி நேரம் பெல்ட் கட்டிப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். ரத்த வகையைக் கேட்டார்கள். நெகட்டிவ் என்றால் தனி ஊசி போடவேண்டுமாம், எனக்குப் பாசிட்டிவ். பிறகு கர்ப்பப்பை தளர ஓர் ஊசி. இதைப் பற்றி யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: ஐந்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். ஊசியில் நூல் கோக்கச் சொல்லியிருந்தால் கத்தரியைத்தான் தூக்கிப் போட்டிருப்பேன். பயப்படவேண்டாம், அரை மணியில் அடங்கிவிடும்.

வலிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: வலிக்கும். தாங்கலாம். மாதவிலக்கு வலியைவிட அதிகம், பின்னால் வந்த சிசேரியன் தையல் வலியைவிடக் குறைவு. ஜெல் தடவி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஒரு கையால் கீழே இருந்த பின்பக்கத்தை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையைக் கீழே தள்ளுகிறார். திடீர் அழுத்தம் எதுவும் இல்லை, ஒரே சீராக. பாவாடை நாடா கோக்கும்போது ஊக்கு பாதி வழி நன்றாகப் போய், பக்கத் தையலில் வந்து சிக்கிக்கொள்ளுமே, அதேதான். முதல் முறை நகரவே இல்லை. இரண்டாவது முறை சரசரவென்று வந்தது, வயிறு கோணலாகி, பிள்ளை முழுசாகக் குறுக்கே படுத்துவிட்டது. நர்ஸ் பிள்ளை "வந்துருச்சு மேடம்" என்று சொல்லிவிட்டாள். அங்கே நின்றது. கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது முறை துடிப்பு இறங்கியது. 140-இல் இருந்தது 90 ஆகிவிட்டது. அறையில் யாரும் பேசவில்லை. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு என்னை இடதுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், நாற்பத்தி இரண்டு எண்ணுவதற்குள் 130-க்கு ஏறிவிட்டது. இப்படிக் கொஞ்ச நேரம் இறங்கி ஏறுவது நடக்கிறதுதானாம். "போதும்மா. அவங்களுக்கு இஷ்டமில்ல" என்றார். இன்னொரு முறை முயற்சி பண்ணுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். முடியாது என்றார். அந்த ‘முடியாது’க்கு அன்று அழுதேன்.

மறுபடி முக்கால் மணி நேரம் பெல்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் வந்தாலோ, அசைவு குறைந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். பனிக்குடம் உடைந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல், படுத்த வாக்கிலேயே வண்டியில் வரவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்கள். தலை வாயை அடைத்துக்கொண்டு இல்லாததால் தொப்புள் கொடி முதலில் நழுவிவிடலாம், அது பெரிய ஆபத்து.

பில் 7,350 ரூபாய். அதில் ‘இதர செலவு’ 650. இதர என்றால் என்ன என்று கேட்டேன். ஜெல், கையுறை, படுக்கை விரிப்பு என்றார்கள். பட்டன், நூல், லைனிங்கை நானும் தனியாக எழுதுவதுண்டு, ஆனால் எத்தனை மீட்டர் என்று எழுதுவேன்.

மற்ற குறைகள். கையெழுத்து வாங்கிய தாள் நாலு பக்கமும் ஆங்கிலம். நர்ஸ் பிள்ளை ஒரு நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்துவிட்டாள், அவள் விட்டதெல்லாம் எழுத்தில் இருந்திருக்கும். வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. துடிப்பு இறங்கிய அந்த நாற்பத்தி இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு கை பிடிக்கக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழிப்பறை மேல்மாடியில். நிறைமாதக்காரிக்கு மாடிப்படி. வண்டி நிறுத்த இடம் கிடையாது.

பிரசவமும் அங்கேயே வைத்துக்கொண்டேன். 39 வாரம் முடிந்ததும் புதன் அல்லது வெள்ளி என்றார்கள். புதன் ரோகிணி, தாய்மாமனுக்கு ஆகாது என்று அம்மா ஒரே பிடி. எனக்கு இருப்பது ஒரே தம்பி. வெள்ளி திருவாதிரை. டாக்டரம்மா சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்னால் மறுபடி ஒரு ஸ்கேன் வைத்துப் பார்த்தார். கடைசி நாளில் திரும்பிவிடுகிற பிள்ளைகளும் உண்டாம். என்னுடையது இல்லை.

பெண். 2 கிலோ 900. முதல் ஒரு வாரம் கால் இரண்டையும் இறக்கவே மாட்டாள். நீட்டிவிட்டால் ஸ்பிரிங் மாதிரி காதுக்கு ஏறிவிடும், துணி கட்டுவதற்குள் விடிந்துவிடும். கால் பக்கமாக இருந்த பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போக வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், ஆறாவது வாரம் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று குழந்தை டாக்டர் எழுதிக்கொடுத்தார். எடுத்தோம், 1,100 ரூபாய், நன்றாக இருக்கிறது. உங்கள் பிள்ளை பிரசவத்துக்குள் தலைகீழாகத் திரும்பியிருந்தாலும், கடைசி வாரங்களில் ப்ரீச்சாக இருந்ததா இல்லையா என்பதைக் குழந்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தில் நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது திரும்பாததற்காக இல்லை, அந்த ஆங்கிலத் தாளுக்கும் மாடிப்படிக்கும்.

பிள்ளைக்கு இப்போது நாலு மாதம். போன வாரம் எதிர்வீட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "கால்ல பொறந்த புள்ளையாமே?" முதலில் வந்தது கால் இல்லை பின்பக்கம், பிறக்கவும் இல்லை எடுத்தார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள், மாமியார் பாயை விரித்துவிட்டார். அக்கா குப்புறப் படுத்தார். மாமியார் பிள்ளையை அக்குளில் பிடித்து முதுகில் மூன்று முறை நிறுத்தி எடுத்தார். மூன்றாவது முறை அவள் ஒன்றுக்குப் போய்விட்டாள். பிடிப்பு விட்டதா என்று இதுவரை அக்கா சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு மட்டும் வந்தது.